உயிரோடு கேட்ட கல்வெட்டு

உயிரோடு இருக்கும்போதே தன்னுடைய கல்வெட்டைத் தன் காதாலேயே கேட்ட மனிதர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் தமிழர் அல்லர். ஹனோவரிலிருந்து ரயிலும் பேருந்துமாக ஒன்றரை மணி நேரம் தள்ளி, மேடு என்று சொல்ல ஒரு சாணிக் குவியலைத் தவிர வேறெதுவும் இல்லாத தட்டை நிலத்தில், அறுபது வருடங்களுக்கு மேலாக ஒரே சமையலறையை, எங்கள் பேச்சில் குசினியை, ஆண்ட ஜெர்மன் விவசாயப் பெண். நாங்கள் அவருடைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அந்தக் கல்வெட்டை அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான். அதில் ஒன்றை விட்டுவிட்டுப் படித்ததும் நான்தான்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் சொந்தபந்தம் எல்லாவற்றையும் அழைத்துச் சோறு போடுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. கல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வெறும் கடதாசிதான். முன்பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே அவர் பிறந்து வளர்ந்த கதை, யாருக்கு அன்பு மகள், யாருக்கு அன்பு மாமியார் என்ற பட்டியல், அதன்பிறகு பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். எங்களைப் போன்ற வேதக்காரர் வீடுகளில் பின்னட்டையில் மாதா படம் போடுவார்கள். புலம்பல்களைப் பிள்ளைகளே எழுதுவது கிடையாது. அதற்கென்று ஊருக்கு ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது பெரியப்பா.

பெரியப்பா ஊரில் தபால் அதிபராக இருந்தவர். ஹனோவரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வந்து, மாடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பாரிசிலும் லண்டனிலும் இறந்துபோனவர்களுக்காகப் புலம்புவார். அவர்களில் பெரும்பாலானவர்களை அவர் கண்டதே இல்லை. தொலைபேசியில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு, ‘ஆறாத் துயரினிலே ஆழ்த்திவிட்டுப் போனாயோ’ என்று தொடங்குவார். அந்த ஒரே வரியில் ஏறி ஐரோப்பாவிலிருந்து எத்தனை பேர் மேலே போனார்கள் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எனக்குப் பத்து வயது, தம்பி கைக்குழந்தை. அப்பாவுக்குப் பக்கத்து ஊரில் காளான் பண்ணையில் வேலை. எங்களிடம் இருந்தது டுல்டுங் என்ற கடதாசி. ‘உங்களை இப்போதைக்குத் திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்’ என்று அரசாங்கம் சொல்வதுதான் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நீட்டித் தருவார்கள், தராமலும் விடலாம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு அறை கொடுக்க ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் கூரை ஒழுகுகிறது என்றார், இன்னொருவர் மகன் வரப்போகிறான் என்றார். இவர் மட்டும் ஊர்த்தலைவருக்கு ஆள் அனுப்பி, என்னுடைய மாடி அறைகள் சும்மாதான் கிடக்கின்றன, கொண்டுவந்து விடுங்கள் என்றாராம். அவருடைய மூத்த மகளுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பிடிக்காமல் என்ன செய்வது? அந்த வீட்டில் வீட்டுக்காரம்மா சொல்லாமல் ஒரு கோழிகூட முட்டை இடாது என்று அப்பா சொல்வார்.

வீட்டுக்காரம்மா என்றுதான் நாங்கள் அவரை அழைத்தோம். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கட்டையான உருவம், கைகள் மட்டும் ஆணுடைய கைகள். நீலக் கட்டம் போட்ட முன்துணியைக் காலையில் கட்டினால் படுக்கப் போகும்போதுதான் அவிழ்ப்பார். ஞாயிறுதோறும் பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள் என்று பதினைந்து பேருக்குக் குறையாமல் அவருடைய மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அவர் மேசையில் கையை வைத்த பிறகுதான் கரண்டிகள் எழும்பும். அவர் மட்டும் உட்கார மாட்டார். அடுப்பின் பக்கத்தில் நின்றபடியே ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சாப்பிடுவார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை அவரோடு நாங்கள் இருந்த இரண்டு வருடத்தில் நான் பார்க்கவில்லை.

அந்த அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். விறகும் கரியும் போட்டு எரிக்கிற பெரிய வெள்ளை அடுப்பு. மகள் வாங்கிக் கொடுத்த மின்சார அடுப்பு அதன் பக்கத்தில் துணி போர்த்திக்கொண்டு, தலையில் ஒரு பூச்சாடியைச் சுமந்துகொண்டு நின்றது. தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்காரம்மா மாடிப்படியின் அடியில் வந்து நின்று மேலே பார்த்துக் கூவுவார்:

“அடுப்பு எரியுது!”

அவர் கூவியது ஜெர்மனில்தான். ஆனால் கேட்டதையெல்லாம் உடனுக்குடன் அம்மாவுக்குத் தமிழாக்கிச் சொல்லியே பழகியதால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அதை இனி என்னால் மாற்ற ஏலாது.

எதற்காக இப்படித் தினமும் கூவுகிறார் என்பது எங்கள் வீட்டில் பெரிய ஆராய்ச்சியாக இருந்தது. மாடியில் எங்களுக்கென்று இரண்டு தட்டு வைத்த மின்சார அடுப்பு ஒன்று இருந்தது. நாங்கள் மின்சாரத்தைக் கூடுதலாகச் செலவழிக்கிறோம் என்று குத்திக் காட்டுகிறார் என்றார் அம்மா. பிள்ளைகளைக் குசினிப் பக்கம் விடாதீர்கள், சுட்டுக்கொள்வார்கள் என்று எச்சரிக்கிறார் என்றார் அப்பா. கீழே வந்து சமைக்கலாம் என்று சொல்கிறாரோ என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“அப்பிடித்தான் எண்டாலும் போகக் கூடாது பிள்ளை,” என்றார் அம்மா. “எங்கட மிளகாய்த்தூளும் வெங்காயமும் அந்த மனிசியின்ரை குசினியிலை மணக்கக் கூடாது. இருக்க இடம் தந்தவைக்கு நாங்கள் கரைச்சல் குடுக்கக் கூடாது.”

அதனால் ஆறு மணிக்கு அவர் கூவுவார். அம்மா படியின் உச்சியில் நின்று, சிரித்த முகத்தோடு, “யா, யா, டங்க!” என்று ஜெர்மனில் நன்றி சொல்வார். பிறகு உள்ளே வந்து தம்பியின் பாலை எங்கள் மின்சாரத் தட்டில் சூடாக்குவார். மரியாதையான குடும்பம் என்று எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

கல்வெட்டு விஷயம் இப்படித்தான் தொடங்கியது. ஒருநாள் ஜன்னல் கொக்கியைப் பார்ப்பதற்காக வீட்டுக்காரம்மா மேலே வந்தார். மேசையில் பெரியப்பா எழுதி அச்சாகி வந்த கல்வெட்டு ஒன்று கிடந்தது. அட்டையில் பாரிசில் இறந்துபோன ஒரு மீசைக்காரரின் படம். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விளங்கப்படுத்தினேன்.

“இந்த மனிசன் இதை வாசிச்சவரோ?” என்று கேட்டார்.

“செத்த ஆள் எப்பிடி வாசிக்கிறது?”

“அப்ப இதிலை எழுதியிருக்கிறது சரியோ பிழையோ எண்டு ஆர் சொல்லுறது?”

அவர் கொக்கியை இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்தார். படியில் இறங்கும்போது திரும்பி, “ஒக்டோபரிலை எனக்கு எண்பத்தஞ்சு,” என்றார். “உன்ரை பெரியப்பாவிட்டைச் சொல்லு, எனக்கும் ஒண்டு வேணும். நான் இருக்கேக்கையே வேணும்.”

அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. “சீவனோடை இருக்கிற மனிசிக்குக் கல்வெட்டோ? ஆரும் கேட்டாச் சிரிப்பினம். ஏதும் நடந்தா எங்களைத்தான் சொல்லுவினம்,” என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பாவுக்கோ தலைகால் புரியாத சந்தோசம். இத்தனை வருடமாக எழுதுகிறார், பாடப்பட்டவர் ஒருவர்கூட இதுவரை வாய் திறந்து நன்று என்று சொன்னதில்லை. முதல்முறையாக உயிருள்ள ஒருவர் கேட்டு வாங்குகிறார். கடைசியில் அம்மா சில நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். கறுப்புக் கரை போடக் கூடாது, ‘தோற்றம்’ என்று மட்டும்தான் போட வேண்டும், ‘மறைவு’ என்ற சொல்லுக்கு இடமே விடக் கூடாது. பெரியப்பா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். வேலையில் இறங்கிய பிறகுதான் அவருக்குக் கஷ்டம் தெரிந்தது. போனாயோ, பிரிந்தாயோ, பரிதவிக்க விட்டாயோ என்று கைவசம் இருந்த சரக்கில் முக்கால்வாசி செல்லாக்காசாகிவிட்டது.

விவரம் சேர்ப்பது என் பொறுப்பு. பெரியப்பா ஒரு கடதாசியில் கேள்விகளை எழுதித் தந்தார். பிறப்பிடம், பெற்றோர், உடன்பிறந்தோர், விவாகம், மக்கட்பேறு, குணநலன். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு கீழே குசினிக்குப் போவேன். செப்டெம்பர் மாதம், பிளம்ஸ் பழம் பழுக்கிற காலம். வீட்டுக்காரம்மா பெரிய பேசின் நிறையப் பழத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு, நின்றபடியே கொட்டை எடுத்துக்கொண்டு கதை சொல்வார். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊதாக் கறை பட்டு ஒட்டிக்கொண்ட பக்கங்களும் அதில் உண்டு.

ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரில் ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தவர். இருபது வயதில் ஒரு குதிரை வண்டியில், ஒரு பெட்டி நிறையப் படுக்கைத் துணியோடு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். வழி முழுவதும் அழுதாராம். பாதி வழியில் குதிரை வாயு விட்டது, அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது, அதையும் எழுது என்றார். மாமியார் அன்று மாலையே அவர் கையில் கரண்டியைக் கொடுத்து, பன்னிரண்டு பேருக்குக் கஞ்சி காய்ச்சச் சொன்னார். ஏழு பிள்ளைகள். ஒன்று தொண்டை அடைப்பான் வந்து மூன்று வயதில் போனது. அதைச் சொல்லும்போது மட்டும் கையில் இருந்த பழத்தை நெடுநேரம் கொட்டை எடுக்காமல் வைத்திருந்தார். கணவர் போருக்குப் போனார், வரவில்லை. அதன்பிறகு பதினாறு வயது மகனை வைத்துக்கொண்டு உழுததும் விதைத்ததும் இவர்தான். நவம்பரில் பன்றி வெட்டினால் உப்புப் போடுவதிலிருந்து கடைசிச் சொட்டுக் கொழுப்பை உருக்குவதுவரை இவருடைய கைதான். கடையில் ரொட்டி வாங்கியது தன் அறுபதாவது வயதில் என்று வெட்கப்படுகிறவர்போலச் சொன்னார்.

பட்டியலில் கடைசியாகக் குணநலன் வந்தது. அதை ஜெர்மனில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “உங்களிட்டை என்னென்ன நல்ல குணம் இருக்கு?” என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“பன்றியளைக் கேள்,” என்று சிரித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு முன்துணியில் கையைத் துடைத்தார். “சரி, இதை எழுது.”

போர் முடிந்த பின்னர் கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மன்காரர் சனம் சனமாக அகதிகளாக வந்தார்களாம். அரசாங்கம் அவர்களை வீட்டுக்கு வீடு பிரித்து அனுப்பியதாம். இந்த வீட்டின் மாடியில், இப்போது நாங்கள் படுக்கிற அறைகளில், ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு குளிர்கால மாலை, சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். அந்தப் பெண் ஒரு பாத்திரத்தில் பாலோடு இறங்கி வந்து குசினி வாசலில் நின்றாள். சூடாக்கித் தர முடியுமா என்று கேட்டாள்.

“அடுப்பு அணைஞ்சிட்டுது எண்டு சொன்னன்,” என்றார் வீட்டுக்காரம்மா. “அணையேல்லை. விறகும் கிடந்தது. கதவைப் பாதி சாத்திக்கொண்டு நிண்டு சொன்னன். அவை வந்து எட்டு மாசம், எனக்கு அலுத்துப்போச்சு. என்ரை பிள்ளையள் அப்ப மாட்டுக் கொட்டிலிலை. ஒருத்தருக்கும் தெரியாது.”

“பேந்து?”

“விடியப் பிள்ளையளைத் துணியிலை சுத்திக்கொண்டு, பனிக்குள்ளாலை நடந்து போனவ. எங்கை போனவ எண்டு தெரியாது. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டும் தெரியாது.” அவர் மறுபடியும் கத்தியை எடுத்தார். “நான் சொன்ன மாதிரியே எழுது. அடுப்பு அணையேல்லை. எழுதிட்டியோ?”

எழுதினேன். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவ்வளவு சொன்னதில் வாசித்துக் காட்டச் சொன்னது அந்தப் பகுதியை மட்டும்தான். ‘அணையவில்லை’ என்ற இடம் வந்ததும் தலையை ஆட்டினார்.

நான் அந்த வருடம்தான் கோவிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியிருந்தேன். சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தை எப்படிச் செய்வது என்று பாடமாக்கியிருந்தேன். இந்த அம்மா ஒரு சுவாமியிடம் போய் இதைச் சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் வேறு சபை, அவர்களுக்குப் பாவம் சொல்லும் அந்தக் கூண்டு கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் கொப்பியைத் தமிழில் வாசித்தேன். குதிரையை அவர் மிகவும் ரசித்தார், ஆனால் பாட்டில் வராது என்றார். அடுப்புக் கதை வந்ததும் பேனையை மூடிவிட்டார்.

“கல்வெட்டிலை குறை எழுதுறேல்லை பிள்ளை.”

“அவதானே எழுதச் சொன்னவ.”

“வயசு போன ஆக்கள் எதையும் சொல்லுவினம். பிள்ளையள், பேரப்பிள்ளையள், போதகர் எல்லாரும் இருக்கேக்கை, உங்கட தாய் இப்பிடிச் செய்தவ எண்டு குடியிருக்கிற நாங்கள் எழும்பி வாசிக்கிறதோ? பேந்து இந்த வீட்டிலை இருக்கேலுமோ? அந்த மூத்த மகள் அண்டைக்கே எங்களை எழுப்பிப்போடுவா.”

அப்பா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணை சொல்லுறது சரி,” என்றார். “டுல்டுங் நீட்டுறதுக்கு வாற மாசம் டெர்மின், கந்தோருக்குப் போகவேணும். இந்த நேரம் விலாசம் மாறினா எல்லாம் குழம்பிப்போம்.”

எனக்கும் பயம் வந்துவிட்டது. அதற்கு முந்தின இருப்பிடம் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குளியலறை. அங்கே திரும்பிப் போக நான் தயாராக இல்லை. பெரியப்பா நாள் முழுவதும் தலையைச் சொறிந்து, குணநலனுக்கு இப்படி ஒரு பாட்டுக் கட்டினார்:

எத்திசையோர் வந்தாலும் இல்லையென்று சொல்லாமல்
அத்தனை பேருக்கும் அடுப்பெரித்த அன்னையே!

தன் கல்வெட்டுகளிலேயே இதுதான் திறம் என்று அவரே சொல்லிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அறிந்த கல்வெட்டில் எல்லாத் தாயும் அடுப்பெரித்தவர்கள்தான்.

பிறந்தநாள் அன்று தானியக் களஞ்சியத்தைக் கூட்டிக் கழுவி நீளமேசை போட்டிருந்தார்கள். ஆறு பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள், போதகர் எல்லோரும் வந்தார்கள். தட்டுத் தட்டாக வெண்ணெய்க் கேக். அம்மா விடியற்காலையில் எழும்பி நூறு ரோல்ஸ் பொரித்திருந்தார், மாடியில்தான். மூத்த மகள் ஒன்றைச் சந்தேகத்தோடு எடுத்தவர், பிறகு கைத்துணியில் இரண்டைச் சுற்றி வைத்துக்கொண்டதை நான் கண்டேன். பெரியப்பா கோட் போட்டுக்கொண்டு, பச்சைக் கரை போட்ட கல்வெட்டை ஒவ்வொருவர் கையிலும் இரண்டு கையாலும் கொடுத்தார். ஒருவருக்கும் ஓர் எழுத்தும் தெரியாது. மூத்த மகன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

நான் கொப்பியோடு எழுந்து நின்றேன். தமிழில் பெரியப்பா ஒரு பாட்டைப் பாடுவார், நான் அதை ஜெர்மனில் வாசிப்பேன் என்பது ஏற்பாடு. அப்போதுதான் வீட்டுக்காரம்மா முன்துணியை அவிழ்த்து மடித்துக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மேசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. அவருடைய மகன்களுக்கே அது புதுக்காட்சியாக இருந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

பெற்றோர் வந்தார்கள், வண்டி வந்தது. குதிரையை நான் என் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொண்டேன், களஞ்சியமே சிரித்தது. மூன்று வயதில் போன பிள்ளையின் பெயரைச் சொன்னதும் அமைதியானார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயராக வாசிக்க வாசிக்க அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போலக் கையைத் தூக்கினார்கள். கடைசியில் குணநலன். பெரியப்பா கண்ணை மூடி இழுத்துப் பாடினார். நான் ஜெர்மனில் சொன்னேன்: யார் வந்தாலும் இல்லையென்று சொல்லாமல் அடுப்பை எரித்த தாய்.

எல்லோரும் கைதட்டினார்கள். மூத்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்கூட. போதகர் சட்டைப்பையிலிருந்து பேனை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா கைதட்டவில்லை. “வேறை?” என்றார்.

“முடிஞ்சுது,” என்றேன்.

“கொப்பியிலை வேறை ஒண்டும் எழுதியில்லையோ?”

எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில், ஊதாக் கறைக்குப் பக்கத்தில், அவர் சொன்ன மாதிரியே, அவருடைய மொழியிலேயே இருந்தது. வாசிக்க அரை நிமிடம் போதும். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் நான் கண்டது கோபம் இல்லை, கெஞ்சல். நான் கொப்பியை மூடினேன்.

“இல்லை,” என்றேன்.

“சரி,” என்றார் வீட்டுக்காரம்மா. எழுந்து முன்துணியைக் கட்டிக்கொண்டு கேக் வெட்டப் போனார். எனக்குப் பெரிய துண்டாகத்தான் வெட்டித் தந்தார். எனக்குள் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்கு வாய் இல்லையா? ஜெர்மன் அவருடைய பாஷை, பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள், எழுந்து நின்று தானே சொல்லலாமே. அந்த வீட்டில் அவர் பேசினால் மறித்துப் பேச யார் இருந்தார்கள்? அதற்கு எதற்காக மாடியில் இருக்கிற ஒரு பிள்ளை வேண்டும்?

பாஸ்குத் திருநாள் வந்தபோது, பொய் சொன்னேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமி மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்த வருடம் முதல் பனி விழுந்த வாரத்தில் வீட்டுக்காரம்மா இறந்துபோனார். போதகர் தன் பிரசங்கத்தில், யார் வந்தாலும் இல்லையென்று சொல்லாமல் அடுப்பை எரித்த தாய் என்று என்னுடைய ஜெர்மனைச் சொல் மாறாமல் சொன்னார். போருக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்தவர்களையும், இப்போது தூரத்துத் தீவிலிருந்து வந்தவர்களையும் ஒருசேரக் குறிப்பிட்டார். சனம் திரும்பி எங்களைப் பார்த்தது. வசந்தகாலத்தில் பிள்ளைகள் கல்லறைக்குக் கல் வைத்தார்கள். பெயருக்குக் கீழே அதே வரியை வெட்டியிருந்தார்கள். பெரியப்பா கமெராவோடு ஹனோவரிலிருந்து வந்து, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் எங்களை அந்த வீட்டில் இன்னும் நான்கு வருடம் இருக்க விட்டார்கள். மூத்த மகள் வாடகையை ஒருமுறையும் கூட்டவில்லை.

இன்று எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்ல முடியாத ஒன்றிரண்டு என்னிடமும் உண்டு. அதை வேறு யாராவது, அதுவும் தற்செயலாக வாசிப்பதுபோல, அவர்கள் முன்னால் வாசித்துவிட்டால் நல்லது என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றிய நாட்களில்தான் கொப்பியைத் தேடி எடுத்துப் பார்க்கிறேன். பார்க்கிறபோதெல்லாம் மனதுக்கு வருவது கல்லறை அல்ல. பிறந்தநாளுக்கு அடுத்த நாள்தான் வருகிறது.

நான் மாடியில் கணக்கு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தம்பிக்கு இருமல். அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலைப் பாத்திரத்தில் ஊற்றினார். வெளியே மழை. ஆறு மணி அடித்தது. இன்றைக்கு வர மாட்டார், என்னோடு கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். படியின் அடியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“அடுப்பு எரியுது!”

எப்போதையும்விடச் சத்தமாகக் கூவினார் என்று இப்போது தோன்றுகிறது. அது உண்மையா, நான் பிறகு சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. அம்மா கையில் பால் பாத்திரத்தோடு படியின் உச்சிக்குப் போய் நின்று, சிரித்த முகத்தோடு, “யா, யா, டங்க!” என்றார். கீழே அவர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் திரும்பிப் போகிறவரைக்கும் காத்திருந்து, அம்மா உள்ளே வந்து பாலை மின்சாரத் தட்டில் வைத்தார். நான் விட்ட இடத்திலிருந்து கணக்கைச் செய்தேன்.